தொட்டியில் ஏறிய மஞ்சள்

வெள்ளி முலாம் மஞ்சளாக வந்தால் முதல் திட்டு பாலிஷ் போடுகிறவனுக்குத்தான். எந்தப் பட்டறையிலும் இதுதான் நடைமுறை. நான் பாலிஷ் போடுகிறவன்.

முலாம்காரர் பட்டறைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். பித்தளைக் கோப்பை, தட்டு, கரண்டி, மெழுகுவர்த்தித் தண்டு எல்லாம் முதலில் என்னிடம் வரும். சுற்றுகிற துணிச் சக்கரத்தில் மெழுகு தடவி, கீறல் போகத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கி, கூடையில் அடுக்கி அந்தப் பக்கம் தள்ளுவேன். அங்கே அது வெள்ளியாகித் திரும்பும். நாள் பூராவும் சக்கரத்தின் முன்னால் நிற்பதால் மூக்குத் துவாரம் முதல் கணுக்கால் வரை எனக்குக் கருப்புத் தூசி படிந்திருக்கும். முலாம்காரர் என்னைத் தூசி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அந்தப் பேர்தான் பழகிவிட்டது.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

“டேய் தூசி! இங்க வா. உன் லட்சணத்த வந்து பாரு.”

போனேன். பள்ளிக்கூடப் போட்டிக்குக் கொடுக்கிற பரிசுக் கோப்பை ஒன்று அவர் கையில் இருந்தது. வயிற்றுப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. கைப்பிடிக்குக் கீழே, கழுத்துப் பள்ளத்தில், பழைய பல் மாதிரி ஒரு மஞ்சள். வெளிச்சத்தில் திருப்பினால் அந்த மஞ்சளுக்குள் லேசாகச் சிவப்பும் தெரிந்தது.

“மெழுகு போகல. பள்ளத்துல அப்படியே அப்பி வச்சிருக்க.”

“கொதிதண்ணில போட்டு மெழுகு எடுக்குறது உங்க வேலண்ணே.”

“நீ அப்புற மெழுகுக்கு நான் தெனம் ஒவ்வொண்ணையும் மடியில வச்சுக் குளிப்பாட்டணுமா? மத்தியானம் முட்ட தின்னியா?”

“தின்னேன்.”

“கையக் கழுவுனியா?”

முட்டைக்கும் வெள்ளிக்கும் ஆகாது. முட்டை பட்ட வெள்ளி கறுத்துப்போகும். ஆனால் கறுப்பது வேறு, இது மஞ்சள். அது என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். சும்மா ஏதாவது பேசவேண்டும் என்று பேசினார். முன்பெல்லாம் இப்படி ஒரு சண்டை போட்டால் கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். இப்போது கோப்பையை என் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவருடைய பெண் போன பிறகு அவர் எதையும் சிரித்து முடிப்பதில்லை.

பெண்ணைப் பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். உயரத்தில் அம்மாவை எட்டிப் பிடித்த பிறகும் அவள் பாப்பாதான். முலாம் பட்டறை அவர் வீட்டின் பின்கட்டில் இருந்தது. பட்டறை வாசலில் முலாம்காரர் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். உள்ளே தொட்டியில் இருப்பது வெள்ளி கரைந்த விஷ உப்புத் தண்ணீர். அதனால் அவர் மனைவியோ பாப்பாவோ கோட்டைத் தாண்டக் கூடாது. பாப்பா சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருமுனைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு சைக்கிளிலேயே நடைவழியாகப் பின்கட்டுக்கு வருவாள். முன்சக்கரம் கோட்டின் மேல் சரியாக வந்து நிற்கும். மணியை அடிப்பாள். தடித்த பித்தளை மூடி போட்ட பழைய காலத்து மணி அது. என் சக்கரச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும். மணி அடித்தால் கை கழுவ வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருக்கிற யாரும் மூன்று தண்ணீரில் கை கழுவாமல் டீயைத் தொடக் கூடாது என்பது முலாம்காரரின் சட்டம். அவர், அவர் தம்பி, நான் மூன்று பேரும் குழாயடியில் கை கழுவுகிறவரைக்கும் அவள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருப்பாள்.

“அப்பா, இந்த மணிக்கும் வெள்ளி பூசிக் குடுப்பா.”

“பித்தளையே நல்லாத்தான இருக்கு?”

“ஊர்ல இருக்கறவங்க கரண்டிக்கெல்லாம் பூசுற. என் மணிக்குப் பூச மாட்டியா?”

“இந்தக் கோப்ப வேல முடியட்டும், பூசித் தர்றேன்.”

ஒரு கோப்பை வேலை முடிந்து அடுத்த கோப்பை வேலை வந்தது. அதுவும் முடிந்தது. அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் யாரோ, வீட்டுக்குள் விஷத்தொட்டியை வைத்துக்கொண்டால் வேறு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். இருந்தாலும் சொன்னவர்கள் வாயை மூட முடியுமா? அண்ணி, அதாவது முலாம்காரர் மனைவி, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததால் அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அவரும் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டார். சாப்பாடு தட்டில் வரும், தட்டு திரும்பிப் போகும். அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது தொட்டி ஒன்றுதான். விடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். அதுவும் இப்போது படுத்துக்கொண்டது. தொட்டி போனால் மனுஷன் எழுந்திருப்பதற்கே காரணம் இருக்காது என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவர் தம்பியைச் சின்னவர் என்போம். எதற்கும் குரல் உயர்த்தாத ஆள். தகடு மாற்றுவது, சாமான் கட்டுவது எல்லாம் அவர் கை வேலை. தொட்டியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளித் தகடு தொங்கும். நடுத் தண்டில் சாமானைச் செம்புக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். கரண்ட் விட்டால் தகட்டில் இருக்கிற வெள்ளி கரைந்து வந்து சாமானில் ஏறும். கட்டு அவிழ்ந்து சாமான் அடியில் விழுந்துவிட்டால் கதையே வேறு. அப்புறம் தண்ணீர் அந்தச் சாமானைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் வாரக் கடைசியில் ஓட்டைக் கரண்டியால் தொட்டியின் அடியைத் துழாவிப் பார்ப்பார்கள்.

“தகடு கறுத்துக் கெடக்குண்ணே. உப்பு கொறஞ்சிருக்கும்,” என்றார் சின்னவர்.

உப்பு போட்டார்கள். தகடு வெளுத்தது. கோப்பை மஞ்சளாகவே வந்தது.

“தண்ணியா இருக்குமோ? குழாய்த் தண்ணி ஊத்திட்டியா?”

“இல்லண்ணே, பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணிதான் ஊத்துனேன்.”

“பளபளப்பு மருந்து அதிகமா விட்டியா?”

“நீங்க அளந்து குடுத்ததத்தான் விட்டேன்.”

“அப்ப நான்தான் தப்பா அளந்தேன்னு சொல்ற.”

“நான் எங்கண்ணே அப்படிச் சொன்னேன்?”

கரண்டைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். கூட்டினபோது ஓரமெல்லாம் கருகியது, பள்ளத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. அப்புறம் தண்ணீரைக் குழாய் வைத்து மேலாக உறிஞ்சி டிரம்மில் மாற்றி, கரித்தூள் கலக்கி, துணியில் வடிகட்டினார்கள். அடியில் இருக்கிற கசடு கலங்கி வந்துவிடக் கூடாது என்று அடித் தண்ணீரை அப்படியே தொட்டியில் விட்டுவைத்தார்கள். அன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை. மேகம் மூடிக்கொண்டு நின்றதே தவிர மழை வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ரப்பர் கையுறையோடு நின்றார்கள். கையுறையைக் கழற்றி உதறினால் வேர்வை சொட்டியது. நானும் என் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

வடிகட்டின பிறகு போட்ட முதல் கோப்பை சுமாராக வந்தது. முலாம்காரர் அதைச் சூடான மரத்தூளில் புரட்டி ஈரத்தை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வெளுப்புதான்,” என்றார்.

அடுத்தடுத்த நாள் போட்டதில் மறுபடி மஞ்சள் ஏறிவிட்டது. இப்போது சிவப்பும் கூடியிருந்தது.

“இது செம்புண்ணே,” என்றார் சின்னவர். “எங்கயோ செம்பு கலக்குது. அடியில என்னமோ கெடக்கு. துழாவிப் பாக்கலாம்.”

“துழாவியாச்சு.”

“எப்ப?”

“போன வாரம். அதுக்கு முந்துன வாரமும். நான் பொய் சொல்றேனா?”

சின்னவர் என்னைப் பார்த்தார். போன வாரமெல்லாம் முலாம்காரர் ஓட்டைக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். உட்கார்ந்துதான் இருந்தார். கரண்டி நனையவே இல்லை. ஆனால் துழாவிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். பெண்ணைப் பறிகொடுத்தவனிடம் போய் உனக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று யார் சொல்வது?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் தம்பியை விடவில்லை.

“நீதான் எதையோ தவறவிட்டிருக்க. சொல்லப் பயந்துக்கிட்டு என் மேல பழியப் போடுற.”

“சரிண்ணே, நான்தான்,” என்றார் சின்னவர். சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு எங்கேயும் போகவில்லை. குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார். போக இடமில்லாமல் இல்லை. அண்ணனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

கோப்பைக் கடைக்காரர் வந்து மஞ்சள் கோப்பைகளைப் பார்த்து, மிச்சத்தை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனார். கோபமாகப் பேசியிருந்தால்கூட முலாம்காரர் தாங்கியிருப்பார். அந்த மனுஷன் பாப்பாவை நினைத்து மெதுவாகப் பேசினார். அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாத்தையும் வடிச்சு வெள்ளி பிரிக்கிறவன்கிட்ட குடுத்துடலாம்டா,” என்றார் தம்பியிடம். “தொட்டியக் கவுத்துடலாம். போதும்.”

மறுநாள் காலையில் வடிக்க ஆரம்பித்தோம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அடித் தண்ணீரையும் விடவில்லை. தகடுகளைக் கழற்றி, தண்ணீரை டிரம்மில் நிரப்பி, கடைசியில் கசடு மட்டும் மிஞ்சியது. சாம்பல் நிறச் சேறு.

“அண்ணே, மூலையில உருண்டையா என்னமோ இருக்கு,” என்றார் சின்னவர்.

முலாம்காரர் ஓட்டைக் கரண்டியை விட்டு அதை எடுத்தார். கிண்ணம் மாதிரி கவிழ்ந்திருந்தது. மேலே அழுக்கு வெள்ளையாக ஒரு தோல். அவர் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்ததும் அது உரிந்து வந்தது. உள்ளே பித்தளையின் மஞ்சள் இல்லை, வெந்த மாதிரி ஒரு சிவப்பு. அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது. ஓரத்தில் ஒரு நசுங்கல். பாப்பா வாசற்படியில் சைக்கிளோடு விழுந்தபோது ஆன நசுங்கல் அது. அன்றைக்கு முழங்காலில் ரத்தம் வழிய அவள் மணியைத்தான் தடவிப் பார்த்தாள். அது எங்கள் மூன்று பேருக்குமே நினைவிருந்தது.

முலாம்காரர் கையுறையோடு குழாயடிக்குப் போனார். மணிமூடியை ஒரு தண்ணீரில் அலசினார், இரண்டாவது தண்ணீரில் அலசினார், மூன்றாவது தண்ணீரிலும் அலசினார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினார். பிறகு கோட்டைத் தாண்டி வீட்டுக்குள் போனார். ஏதாவது ஏடாகூடமாக ஆகிவிடப் போகிறதே என்று நானும் சின்னவரும் பின்னாலேயே போனோம்.

நடைவழியில் பாப்பாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. தினம் அதைத் தாண்டித்தான் போய்வந்தோம். ஒருத்தராவது அதை நேராகப் பார்த்திருந்தால் கைப்பிடியில் மணியின் அடித்தட்டு மட்டும் மொட்டையாக நிற்பது தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம்.

அண்ணி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முலாம்காரர் வாசலில் நின்று மூடியை நீட்டினார். தொட்டியைக் கெடுக்கத்தான் போட்டாயா என்று கேட்கத்தான் அவர் வந்தார். அவர் தாடை இறுகியிருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்பதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

“எடுத்துட்டீங்களா?” என்றாள். “ஆயிடுச்சா?”

அவர் நீட்டிய கையை இறக்கினார்.

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த பேச்செல்லாம் அப்போதுதான் வந்தது.

“அவ போனப்புறம் ஒரு நாள் மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் கண்ணசந்துட்டீங்க. கோட்டத் தாண்டக் கூடாதுன்னு தெரியும். ஒரே ஒரு தடவதானேன்னு தாண்டினேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தாளே. முக்குன உடனே வெள்ளையாச்சு. என் கண்ணால பாத்தேன். அவ்வளவு சீக்கிரம் ஆகுற வேலைக்கா இத்தன நாள் இழுத்தீங்கன்னு உங்க மேல எனக்கு ஆத்திரம்கூட வந்துது. அப்புறம் கை நழுவி உள்ள போயிடுச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல,” என்றார் முலாம்காரர்.

“என்னத்தச் சொல்றது? நீங்கதான் தெனம் அதுலருந்து எல்லாத்தையும் எடுக்குறீங்களே. இதையும் எடுப்பீங்க, எடுத்துட்டு எங்கிட்ட வருவீங்கன்னு இருந்தேன். நீங்க வரல. பாத்துட்டுத்தான் விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அவ பொருளத் தொடக்கூட உங்களுக்கு மனசு வரலையாக்கும்னு நெனச்சேன்.”

கம்பியில் கட்டாமல் போட்டால் ஏறுவது முலாம் இல்லை, வெறும் மேல்பூச்சு, விரல் பட்டால் வந்துவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவள். மஞ்சளாக உள்ளே போவது வெள்ளையாக வெளியே வரும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த முலாம் வேலை. கோட்டைப் போட்டது யார்?

சின்னவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முலாம்காரர் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தார், பேசாதே என்று.

“இன்னும் ஆகல,” என்றார் மனைவியிடம். “கொஞ்சம் வேல பாக்கி இருக்கு. சாயங்காலம் தர்றேன்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

பட்டறைக்கு வந்ததும் தம்பியின் தோளில் கை வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாத ஆள். “ஒரு சின்ன வாளி கழுவுடா,” என்றார். சின்னவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓடிப்போய்ப் பழைய டிரம்மின் வாசனைகூடப் படாத புது வாளியைக் கொண்டுவந்தார். புது உப்பு, சுத்தத் தண்ணீர், கழுவித் துடைத்த ஒரு வெள்ளித் தகடு.

மூடி என் கைக்கு வந்தது. மெத்தென்ற சக்கரத்தைப் போட்டேன். ஆனாலும் அழுத்தப் பயமாக இருந்தது. தடித்த மூடி என்றேனே, அது இப்போது காகிதம் மாதிரி ஆகியிருந்தது. சில இடத்தில் வெளிச்சமே தெரிந்துவிடுமோ என்றிருந்தது. குழியெல்லாம் தேய்த்து எடுத்தால் மூடியே மிஞ்சாது. அதனால் குழிகளை அப்படியே விட்டு, மேலாக மட்டும் பளபளப்பாக்கினேன். நசுங்கலைத் தொடவில்லை.

“நல்லாக் கழுவுனியா தூசி?” என்றார்.

“கழுவிட்டேண்ணே.”

“முட்ட?”

“இன்னிக்குத் திங்கல.”

முலாம்காரரே கம்பி கட்டினார். மெல்லிய செம்புக் கம்பியை நடு ஓட்டையில் நுழைத்து, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துக் கட்டினார். மருந்துத் தண்ணீரில் முக்கி, அலசி, முதலில் லேசான ஒரு பூச்சு கொடுத்து, பிறகு வாளியில் இறக்கினார். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒரு தரம், “இவ்வளவு நேர வேலதான், பாரு,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எடுத்தபோது அதில் மஞ்சள் இல்லை. பள்ளத்தில் இல்லை, ஓரத்தில் இல்லை, நசுங்கலுக்குள்ளேயும் இல்லை. பால் மாதிரி இருந்தது. அவர் கையிலிருந்து இத்தனை சுத்தமாக ஒரு சாமான் வந்து நான் பார்த்ததில்லை. மரத்தூளில் ஈரம் எடுத்து அவரே துடைத்தார்.

சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. அண்ணி நடைவழியில் சைக்கிளைத் துடைத்து நிமிர்த்தி நிறுத்திவைத்திருந்தாள். டயரில் காற்று இல்லை. முலாம்காரர் குனிந்து மூடியை அடித்தட்டில் வைத்துத் திருகினார். வெள்ளை மூடியில் அண்ணியின் முகம் வளைந்து தெரிந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். துக்கத்துக்குப் பிறகு முதல் தடவை.

“எவ்வளவு அழகா இருக்கு,” என்றாள்.

பிறகு கட்டைவிரலால் மணியை அடித்தாள்.

டொக் என்றது. மறுபடி அடித்தாள். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி அதே டொக். அரித்துப்போன உலோகத்தில் நாதம் ஏது? நாங்கள் மூன்று பேருமே அதை யோசிக்கவில்லை. வெள்ளையாக வரவேண்டும் என்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம்.

“சத்தம் எங்கங்க?” என்றாள் அண்ணி.

முலாம்காரர் மணியையே பார்த்தார். நீ போட்டதால் தொட்டி தின்றுவிட்டது என்று சொல்ல ஒரு நொடி ஆகாது.

“வெள்ளி பூசுனா அப்படித்தான்மா,” என்றார். “சத்தம் அடங்கிடும்.”

சின்னவர் தரையைப் பார்த்தார். வெள்ளி ஏறினால் சத்தம் போகாது. நல்ல மூடியாக இருந்தபோது பூசியிருந்தால் அது முன்னைப் போலவே கணீரென்று அடித்திருக்கும். அது முலாம்காரருக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணி மூடியைத் தடவினாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நல்ல வேளைங்க, அவ இருக்கும்போது நீங்க பூசிக் குடுக்கல. சத்தம் போச்சுன்னா ஏங்கிப் போயிருப்பா. நான்தான் தெரியாம உங்களக் கோவிச்சுக்கிட்டேன்.”

அவர் தலையாட்டினார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். “டீ போடுறேன், எல்லாரும் இருங்க,” என்று அண்ணி உள்ளே போனாள்.

டீ வந்து ஆறிப்போனது. சின்னவர் இரண்டு தடவை கூப்பிட்டார். முலாம்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கையையே கழுவிக்கொண்டிருந்தார்.